ஹோசே ரிசாலின் குடும்பமும் இளமையும்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸ் தன் தேசிய வீரராகக் கொண்டாடும் ஹோசே ரிசால் 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ஸ்பானிய ஆட்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. அவருடைய பிள்ளைப் பருவத்தை எழுத வருகிறவர்களில் பலர் அந்த முடிவை மனத்தில் வைத்துக்கொண்டே தொட்டிலிலிருந்து தொடங்குகிறார்கள். குழந்தை சிரித்தாலும் தியாகம், மரமேறினாலும் புரட்சி என்று ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் தன் இளமையைத் தானே எழுதிவைத்த மனிதர் அவர். 1878-இல், 17 வயதில், பி. ஹசிந்தோ என்ற புனைபெயரில் ஒரு மணிலா மாணவனின் நினைவுகளாக அதை எழுதத் தொடங்கினார். அந்தக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினாலே பாதித் தவறுகள் நேராது.

முதலில் குடும்பத்தின் பொருளாதார நிலை. தலைவர் என்றால் ஓலைக் குடிசையில் பிறந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ‘ஏழை விவசாயியின் மகன்’ என்று எழுதிவிடுகிறார்கள். லகுனா மாகாணத்தின் கலம்பா ஊரில் 1861 ஜூன் 19 அன்று அவர் பிறந்தது பெரிய கல்வீட்டில். வீட்டில் புத்தகச் சேகரிப்பு இருந்தது, குதிரை வண்டி இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறுக்குப் போய்விடுகிறார்கள்: ‘பெரிய நிலச்சுவான்தார் குடும்பம்’. அதுவும் சரியில்லை. கலம்பாவின் விளைநிலம் டொமினிக்கன் துறவியர் சபைக்குச் சொந்தமானது. தந்தை பிரான்சிஸ்கோ மெர்காடோ அந்த மடத்து நிலத்தைப் பெரிய அளவில் குத்தகைக்கு எடுத்து நெல்லும் கரும்பும் பயிரிட்டவர். குத்தகைதாரருக்குக் கீழே வாரத்துக்கு உழுத குடியானவர்கள் இருந்தார்கள். ஆகவே ரிசால் குடும்பம் நடுவில் நின்றது: கீழே உள்ளவர்களுக்கு முதலாளி, மேலே உள்ள சபைக்குக் குத்தகைக் கடன்பட்டவர்கள்.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் குத்தகை உயர்வை எதிர்த்து ஊரார் வழக்காடியபோது ரிசாலின் குடும்பத்தாரும் முன்னால் நின்றார்கள். 1890, 91-இல் ஊரோடு சேர்த்து அவர்களையும் வெளியேற்றினார்கள். சொந்த நிலம் என்று எழுதிவிட்டால், வசதியான ஒரு குடும்பம் எப்படி ஒரே உத்தரவில் வீதிக்கு வந்தது என்பது வாசகருக்குப் புரியாமலே போகும்.

குடும்பப் பெயரில் இன்னொரு சிக்கல். அப்பா மெர்காடோ, மகன் ரிசால் என்பதால் பெயரை அவரே சூட்டிக்கொண்டார் என்று எழுதுவது தவறு. 1849-இல் கவர்னர் ஜெனரல் கிளவேரியா குடும்பப் பெயர்களை ஒழுங்குபடுத்த ஆணையிட்ட காலத்திலேயே ரிசால் என்ற பெயர் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் பழைய மெர்காடோவையே புழங்கிவந்தார்கள். 1872-இல் மணிலாவின் அத்தெனெயோ முனிசிபல் பள்ளியில் சேரும்போதுதான் சிறுவன் ரிசால் என்று பதிவானான். அண்ணன் பசியானோ, அந்த ஆண்டு அரசு கொன்ற பாதிரியார் ஹோசே பர்கோஸுக்கு நெருக்கமானவர் என்பதால் மெர்காடோ என்ற பெயர் அதிகாரிகளின் சந்தேகத்துக்கு ஆளாகியிருந்தது. வீட்டில் தனக்கு மட்டும் வேறு பெயர் அமைந்ததால் முறைதவறிப் பிறந்த பிள்ளைபோல் தோன்ற நேர்ந்தது என்று ரிசாலே பின்னாளில் நண்பர் பிளூமென்ட்ரிட்டுக்கு எழுதியிருக்கிறார்.

வம்சாவளியைப் பொறுத்தவரை, தந்தைவழி மூதாதை டொமிங்கோ லாம்-கோ சீனாவின் ஃபூஜியான் பகுதியிலிருந்து வந்து 1697-இல் ஞானஸ்நானம் பெற்றவர். இதை மறைக்கவும் வேண்டாம், இதை வைத்து ரிசாலைச் சீனர் என்று சொல்லவும் வேண்டாம். மரண தண்டனைத் தீர்ப்பில் தன்னைச் சீனக் கலப்பினத்தவர் என்று குறித்திருந்ததை ரிசால் மறுத்தார். தான் மண்ணின் மைந்தன் என்றுதான் சொல்லிக்கொண்டார். இரண்டையும் எழுதுவதுதான் நியாயம்.

இனி, அடிக்கடி நடக்கும் தவறு. எட்டு வயதில், 1869-இல், தாய்மொழிப் பற்றைப் பாடி அவர் தகாலோக் மொழியில் எழுதியதாக ஒரு கவிதை உலவுகிறது. தன் மொழியை நேசிக்காதவன் விலங்கையும் நாற்றமடிக்கும் மீனையும்விடக் கீழானவன் என்று அது சொல்லும். பிலிப்பைன்ஸ் பள்ளிக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த வரி அது. மொழியை உயிராக நினைக்கும் நமக்கும் அதை மேற்கோள் காட்ட உடனே கை நீளும். ஆனால் ரிசாலின் கையெழுத்தில் அந்தக் கவிதையின் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. அது முதன்முதலில் அச்சானதே 1906-இல், அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து. அதன் எழுத்து முறையும் சிறுவன் ரிசால் காலத்துக்கு உரியதல்ல: அப்போது தகாலோக்கை ஸ்பானிய வழக்கப்படி ‘சி’ (C) எழுத்து போட்டு எழுதினார்கள், கவிதையிலோ பிற்காலத்து ‘கே’ (K) இருக்கிறது.

இவற்றைவிட வலுவான சான்று ரிசாலின் கடிதம் ஒன்றில் இருக்கிறது. கவிதையில் விடுதலையைக் குறிக்க ‘கலயாஆன்’ என்ற சொல் வருகிறது. 1886-இல், 25 வயதில், ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் ‘வில்லியம் டெல்’ நாடகத்தைத் தகாலோக்கில் பெயர்த்துக்கொண்டிருந்தார் ரிசால். விடுதலை என்பதற்குத் தகுந்த சொல் கிடைக்காமல் திண்டாடியதாகவும், பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் மார்செலோ டெல் பிலார் செய்த ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தே அந்தச் சொல்லைக் கண்டுகொண்டதாகவும் அப்போது பசியானோவுக்கு எழுதினார். எட்டு வயதில் கவிதையில் வைத்த சொல்லை 25 வயதில் தேடியிருப்பாரா? ஆம்பெத் ஒகாம்போ போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்தக் கவிதையை ரிசாலுடையதாக ஏற்பதில்லை. எடுத்தாளத்தான் வேண்டுமென்றால் ‘ரிசால் எழுதியதாகச் சொல்லப்படும்’ என்ற அடைமொழியை விட்டுவிடாதீர்கள்.

ஒற்றைச் செருப்புக் கதையும் அப்படியே. படகில் போகும்போது ஒரு செருப்பு தண்ணீரில் விழ, எடுப்பவருக்குப் பயன்படட்டும் என்று சிறுவன் மற்றதையும் எறிந்தானாம். காந்தியைப் பற்றி நாம் சொல்லும் ரயில் கதையும் இதே கதைதான். ரிசாலின் நினைவுக் குறிப்புகளில் இது கிடையாது.

அதற்குப் பதிலாக அவரே எழுதிய விட்டில்பூச்சிக் கதையைச் சொல்லலாம். இரவு நேரம், எண்ணெய் விளக்கு. தாய் தியோடோரா அலோன்சோ மகனுக்கு ஸ்பானிய வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறார். அட்டை பிய்ந்துபோன பழைய புத்தகம். அக்கா ஒருத்தி தடித்த நீலத் தாளும் துணியும் ஒட்டிப் புது அட்டை போட்டிருக்கிறாள். பையன் தப்பும் தவறுமாக வாசிக்கிறான், பக்கங்களில் கிறுக்கிவைத்த படங்களுக்காகத் திட்டும் வாங்குகிறான். பிறகு அம்மாவே வாசிக்கத் தொடங்கினால், அவன் கண்ணெல்லாம் விளக்கைச் சுற்றும் பூச்சிகள் மேல்தான். தீயை நெருங்கிச் செத்த குட்டிப்பூச்சியின் கதையை அம்மா எச்சரிக்கையாகச் சொல்ல, அவனுக்கோ சுடர் இன்னும் அழகாகத் தெரிகிறது. இதைத் தியாகத்தின் முன்னறிவிப்பாக விரித்து எழுதுவதுதான் வழக்கமாகிவிட்டது. அப்படி விரிக்கும்போது, பாடத்தில் மனம் நிலைக்காத ஒரு நிஜப் பையன் காணாமல் போகிறான். குழந்தையாக இருக்கும்போதே ஸ்பானிய மொழியில் புலி என்று எழுதுகிறவர்களுக்கும் இதே காட்சியில் பதில் இருக்கிறது.

பின்யான் ஊர்ப் பள்ளி நாட்களும் அப்படித்தான். விடியற்காலையில் பூசை, பிறகு தோட்டத்தில் மாபோலோ பழம் தேடல், ஒரு தட்டுச் சோறும் இரண்டு சின்னக் கருவாடும் காலையுணவு, பள்ளியில் அடி வாங்காத நாள் அபூர்வம். எல்லாம் அவரே எழுதியது.

தாய் சிறை சென்றதை மகனின் நாவல்களோடு முடிச்சுப் போடுவது காலத்தைக் குழப்பும் தவறு. முதல் நாவல் வந்தது 1887-இல். தாய் கைதானபோது ரிசாலுக்கு 11 வயதுகூட நிறையவில்லை. மனைவியை நஞ்சிட்டுக் கொல்ல முயன்ற தன் சகோதரருக்குத் தாய் உடந்தை என்பது குற்றச்சாட்டு. குடும்பத்தின் மேல் மனக்கசப்பு கொண்டிருந்த அதிகாரிகள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கலம்பாவிலிருந்து மாகாணத் தலைநகர் சாந்தா குரூஸ் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அவரை நடக்கவைத்தார்கள். விடுதலையாக இரண்டரை ஆண்டுகள் ஆயின.

1872 பிப்ரவரி 17 அன்று கோமெஸ், பர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்கள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டதைச் சிறுவன் நேரில் பார்த்ததாக எழுதுவதும் தவறு. 1891-இல் தன் இரண்டாம் நாவலை அவர்களுக்குக் காணிக்கையாக்கியபோது ரிசால் தேதியை பிப்ரவரி 28 என்றே போட்டிருக்கிறார். அந்தச் சாவின் சூடு அவருக்கு அண்ணன் வழியாகத்தான் வந்தது.

அந்த அண்ணனை ஒற்றை வரியில் கடந்துபோவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 11 பிள்ளைகளில் ஹோசே ஏழாமவர். ஆண்கள் இருவர் மட்டுமே. 10 வயது மூத்த பசியானோதான் தம்பியைப் பின்யானுக்கும் மணிலாவுக்கும் அழைத்துப்போனார். 1882-இல் பெற்றோருக்குச் சொல்லாமல் தம்பியை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியதும், அங்கே படிக்கப் பணம் அனுப்பியதும் அவரே. 1896-இல் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொல்லிச் சித்திரவதை செய்தார்கள், அவர் வாய் திறக்கவில்லை. பிறகு புரட்சிப் படையில் ஜெனரலாகப் போரிட்டு, 1930 வரை வாழ்ந்தார்.