குறைமாதக் குழந்தையோடு வீட்டுக்கு வந்தாச்சு, இனி?

என்.ஐ.சி.யு.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்த வரைக்கும் அந்த மானிட்டரின் பீப் சத்தம் எனக்குப் பெரிய எரிச்சல். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி அந்தச் சத்தம் இல்லாததால்தான் தூக்கமே வரவில்லை. 31 வாரத்தில் பிறந்த மகளைக் கட்டிலை ஒட்டிய தனிப் படுக்கையில் போட்டுவிட்டு, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் பார்த்ததுதான் பிரச்சினை. தெரிந்துகொண்ட பிறகு நாலு மணி நேரமாவது தூங்க முடிந்தது.

முதலில் மூச்சு. குறைமாதக் குழந்தை சீராக மூச்சு விடாது. வேகவேகமாகச் சில மூச்சு, அப்புறம் 5 முதல் 10 நொடி வரை ஒரு நிறுத்தம், மறுபடியும் வேகம். நிறம் மாறாமல் இருந்தால் இதற்குப் பதற வேண்டாம். ஆனால் 20 நொடி நின்றாலோ, அதற்கு முன்பே உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, உடம்பு துவண்டாலோ அவசரம்தான். உள்ளங்காலையோ முதுகையோ தேய்த்து உசுப்புங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள், குழந்தையைக் குலுக்க மட்டும் கூடாது. உசுப்பியும் மூச்சு வராவிட்டால் என்ன செய்வது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே நர்ஸிடம் கேட்டு, பொம்மையில் செய்து பழகிவிட்டு வாருங்கள். இதை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது.

மூச்சை எண்ணுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எழும்புவதைப் பார்த்து முழுசாக 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி இங்கே உதவாது, இடையில் வரும் நிறுத்தங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணுங்கள், இரண்டாவது முறையும் அப்படியே வந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூச்சுக்கு மூச்சு விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துளை விரிவது, முனகுவது, இதில் எது தெரிந்தாலும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

அடுத்தது சூடு. இந்தக் குழந்தைகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, உடம்புச் சூட்டைத் தக்கவைக்கத் தெரியாது. அக்குளில் வைத்துப் பார்த்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் எடுப்பதற்குள் தெரியவேண்டும் என்றால் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குழந்தைக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது. இரண்டுமே சில்லென்றால் தாமதிக்காமல் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். 37.5க்கு மேல் ஏறினால் ஒரு துணியைக் குறைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றாலோ 38ஐத் தொட்டாலோ வீட்டில் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனை.

கங்காரு பராமரிப்பை, அதாவது குழந்தையை வெற்று நெஞ்சோடு தோல்படச் சேர்த்து வைத்திருப்பதை, வீட்டிலும் விடாதீர்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் கடைசியில், இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை இது. இன்று உலக சுகாதார நிறுவனம் எடை குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 8 மணி நேரம் செய்யச் சொல்கிறது. டயப்பர், குல்லா, காலுறை மட்டும் போட்டு, குழந்தையை நிமிர்த்தி வெற்று நெஞ்சில் வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கட்டும், கழுத்து மடங்கினால் மூச்சுக்குழாய் அடைபடும். கால்கள் தவளை போல மடங்கியிருக்கும்படி துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அப்பாவும் செய்யலாம், என் கணவர் நெஞ்சில்தான் அவள் நன்றாகத் தூங்கினாள். ஆனால் அப்படியே சோபாவில் கண்ணயர்ந்துவிடக் கூடாது.

பசித்தால் அழும் என்று காத்திருக்காதீர்கள். இவர்களுக்கு அழவே தெம்பு இருக்காது, தூங்கிக்கொண்டே இளைப்பார்கள். 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை துணியைத் தளர்த்தி, டயப்பரை மாற்றி, எழுப்பிப் பால் கொடுங்கள். கடைவாயில் பால் வழிந்தாலோ நிறம் மங்கினாலோ நிறுத்தி மூச்சு வாங்க விடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நனைந்தால் சரி. ஒரு நாளைக்குச் சராசரியாக 20, 30 கிராம் ஏறினால் நல்லது, ஆனால் தினம் எடை பார்த்துப் பயப்படுவதைவிட ஒரே தராசில் வாரம் ஒருமுறை பார்ப்பது மேல். பிழிந்து வைத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதியில் 4 நாள் தாங்கும்.

மருந்தில்தான் நான் தவறப் பார்த்தேன். வைட்டமின் டி சொட்டு மருந்து ஒரு புட்டியில் 1 மி.லி.க்கு 400 யூனிட், வேறொன்றில் 800. புட்டி மாறியதைக் கவனிக்காமல் பழைய கோடு வரைக்கும் சிரிஞ்சில் இழுத்துவிட்டேன், தற்செயலாக லேபிளைப் பார்த்ததால் தப்பினோம். இரும்புச்சத்து மருந்திலும் இதே ஆபத்து உண்டு. எத்தனை மி.லி. என்று மட்டும் கேட்காமல், எந்தப் புட்டியில் என்றும் எழுதி வாங்குங்கள்.

தூக்கம்: எப்போதும் மல்லாந்து, கெட்டியான சமதளத்தில், தலையணையும் பொம்மையும் இல்லாமல். வார்டில் குப்புறப் போட்டார்களே என்பீர்கள். அங்கே மானிட்டர் இருந்தது.

பார்க்க வருகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும், முத்தம் வேண்டாம், சளி இருந்தால் இன்னொரு நாள் வரட்டும். புகைபிடித்துவிட்டு வந்து தூக்க நினைப்பவர்களிடம் கறாராக இருங்கள், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

மற்ற தேதிகள் தள்ளிப்போனாலும் கண் பரிசோதனைத் தேதி தள்ளக் கூடாது. குறைமாதத்தில் விழித்திரை ரத்தக்குழாய்கள் முழுசாக வளர்ந்திருக்காது, கோளாறு வந்தால் சிகிச்சைக்குச் சில நாள்தான் அவகாசம், வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் தெரியும். தடுப்பூசிக்குப் பிறந்த தேதிக் கணக்கு, வளர்ச்சிக்குத் திருத்திய வயது, அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயது. 9 வாரம் முந்திப் பிறந்த குழந்தை ஆறாவது மாதத்தில் நாலு மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் போதும்.

மூச்சு எண்ணிக்கை, சூடு, பால், டயப்பர், எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். விக்கலுக்குப் பயந்து நான் ராத்திரி 2 மணிக்கு வார்டுக்குப் போன் செய்திருக்கிறேன். எடுத்த நர்ஸ் சிரிக்கவில்லை. “கடைசியாக எண்ணியபோது மூச்சு எத்தனை, பால் எப்போது குடித்தாள்?” என்றுதான் கேட்டார். நோட்டைப் பார்த்துச் சொன்னேன். “சரி, இன்னும் அரை மணி கழித்து எண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள்” என்றார்.