டிமென்சியா (மறதிநோய்) உள்ளவருக்கு இல்லம் தேடுகிறீர்களா? சாயங்காலம் போய்ப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மாவுக்காக முதியோர் இல்லங்களைத் தேடி அலைந்தபோது நாங்கள் செய்த தவறு, காலை பத்து மணிக்குப் போனது. அந்த நேரத்தில் எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். டிமென்சியா உள்ள பலருக்குப் பொழுது சாயும்போதுதான் குழப்பமும் பதற்றமும் கூடும். அதனால் மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். "வீட்டுக்குப் போகணும்" என்று யாராவது கதவருகே நின்றால் பணியாளர் என்ன செய்கிறார்? அதட்டுகிறாரா, இல்லை கூடவே நடந்து பேச்சை மாற்றுகிறாரா?

அப்புறம் மொழி. பின்னாளில் கற்ற மலாய் நழுவிப்போய், தாய்மொழி மட்டும் மிஞ்சக்கூடும். இரவு வேலையில் தமிழ் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள்.

அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இன்றும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு, கிளம்புவார். இதைச் சொன்னதும் ஓர் இல்லத்தில், "கட்டிலோடு கட்டிவிடுவோம்" என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம். இன்னோர் இடத்தில் ஓர் அக்கா, "தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, இன்றைக்கு மழை, வேலை இல்லைன்னு சொல்லிடுவேன்" என்றார். அங்கேதான் சேர்த்தோம்.

1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்படி சமூக நலத்துறையில் பதிந்த சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். மாதக் கட்டணத்தில் டயாப்பர், கிளினிக் போய்வரும் செலவு அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.