பெட்டியில முழுப் பன்றி சுடுறீங்களா, மூடியத் திறக்காதீங்க

கிறிஸ்மஸுக்கு பட்டர்வொர்த்துல மாமா வீட்டு வாசல்ல கரிப்பெட்டி போட்டோம், அதாங்க மியாமி கியூபாக்காரங்க வச்சிருக்கிற மாதிரி, நெருப்பு கீழ இல்ல, மூடி மேல, சூடு மேலருந்து எறங்கி வேகும். 20 கிலோ குட்டி, தோல் கீழ, விலா மேல பாத்த மாதிரி படுக்க வைங்க. மூடி மேல மொதல்ல ஒரு 7 கிலோ கரி, அப்புறம் மணிக்கு ஒரு தடவ 4 கிலோ சேத்துக்கிட்டே இருக்கணும். பேராக்ல இருக்கிற கோலா செப்பத்தாங் ஊரு பாக்காவ் கரி, அதாங்க அலையாத்தி மரக் கரி, கெடச்சா விடாதீங்க, நின்னு எரியும்.

வாசன வருதேன்னு திறந்து பாக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, எங்க மச்சான் ரெண்டு தடவ திறந்தாரு, சூடெல்லாம் வெளிய போயி, சோறு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான்.

மூணு மணி நேரம் கழிச்சு சாம்பலத் தட்டிட்டுத்தான் மூடியத் தூக்கணும், இல்லன்னா அவ்வளவும் கறி மேல கொட்டும், தவிர சாம்பல் மூடிக்கிட்டா சூடும் எறங்காது. தொடையில எலும்புல படாம தெர்மாமீட்டர் குத்திப் பாருங்க, 63 டிகிரி வந்தாலே வெந்துருச்சு, பிச்சுத் திங்கணும்னா 85, 90 வரைக்கும் விடுங்க. அப்புறம் ரெண்டு பேரு சேந்து திருப்பிப் போட்டு, தோல நல்லாத் தொடச்சு, கத்தியால அங்கங்க கீறி விட்டா கொழுப்பு வழிஞ்சு தோல் பொரிஞ்சு எழும்பும், அர மணி நேரந்தான் ஆகும். இப்ப மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்கலாம், அசந்தா கருகிரும்லா.

சாயங்கால மழைக்கு பக்கமெல்லாம் திறந்த ஒரு கூடாரம் போட்டுக்குங்க, ஆனா கார் பார்க் கூரைக்குக் கீழ மட்டும் வேணாம், கரிப்புகை ஆபத்து.