வீட்டைப் பிரியும் முதல் இரவுக்குத் தயாராகுங்கள்: பிள்ளைகளோடு மூன்று நாள் ஊட்டிப் பயணம்

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப் போகும் பள்ளிகள் பலவும் பார்க்க வேண்டிய இடங்களைத்தான் முதலில் பட்டியல் போடுகின்றன. அதைக் கடைசியில் போட்டால் போதும். பகலில் பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்க ஆயிரம் இருக்கும். அம்மா பக்கத்தில் இல்லாத முதல் இரவுதான் கடினம். ஆயத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.

முதலில் மாதம். ஏப்ரல், மே சீசனில் அறையும் கிடைக்காது, சாலையும் நகராது. அக்டோபர், நவம்பர் மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரியும். ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் தோது. ஆனால் இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும், பள்ளமான இடங்களில் உறைபனியும் விழும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. பஸ் எண் முடிவானதும் பதிந்துவிடுங்கள். மலை ஓட்டிப் பழகிய ஓட்டுநரைக் கேட்டு வாங்குங்கள்.

ஓர் ஆசிரியர் முன்கூட்டியே போய்த் தங்குமிடத்தைப் பார்த்து வர வேண்டும். எட்டுப் பிள்ளைக்கு ஒரு கழிப்பறையாவது இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, ஆளுக்கு இரண்டு கம்பளி உண்டா, அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று குறித்து வரட்டும். அறைக்குள் கரிக் கணப்பு வைப்பார்களா என்றும் கேளுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்து. அப்படிப்பட்ட இடம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பெற்றோரிடம் இரண்டு தாள் வாங்குங்கள். ஒன்று வழக்கமான சம்மதக் கடிதம்: ரத்த வகை, ஒவ்வாமை, மாத்திரையின் பெயர், அளவு, நேரம், இரண்டு தொலைபேசி எண். மற்றது உறையில் ஒட்டித் தருவது, வகுப்பாசிரியர் மட்டும் படிப்பது. படுக்கையில் சிறுநீர் போவது, தூக்கத்தில் நடப்பது, இருட்டுப் பயம், வீட்டில் அண்மையில் நடந்த சாவு எல்லாம் அதில் வரும். இந்த இரண்டாம் தாள் இல்லாததால்தான் பல பிள்ளைகள் இரவு முழுக்கத் தூங்காமல் படுத்திருக்கிறார்கள். சிறுநீர்ச் சிக்கல் உள்ள பிள்ளையைப் பதினொரு மணிக்குச் சத்தமில்லாமல் எழுப்பிக் கூட்டிப்போனால் போதும். ஒரு ரப்பர் விரிப்பும் மாற்று உடையும் ஆசிரியர் பையில் இருக்கட்டும்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது பிள்ளை ஓர் இரவு சித்தி வீட்டிலோ பாட்டி வீட்டிலோ பெற்றோர் இல்லாமல் தூங்கட்டும். தானே குளித்து, தானே தலை பின்னி, பையையும் தானே அடுக்கப் பழக வேண்டும். அம்மா அடுக்கிய பையில் எது எங்கே இருக்கிறதென்று பிள்ளைக்குத் தெரியாது; இரண்டாம் நாள் காலையில் பாதி அறை அதைத்தான் தேடும். ஸ்வெட்டர் ஒன்று, காது மூடும் குல்லா, சாக்ஸ் நான்கு ஜோடி, உடை மூன்று செட், ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ, ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை என்பதால் தண்ணீர் பாட்டில்கள் சோதனைச் சாவடியோடு சரி. மாதவிலக்கு இன்னும் தொடங்காத பெண் பிள்ளைகளுக்கும் நாப்கின் வையுங்கள். நகை வேண்டாம்.

அறைப் பங்கீட்டுக்கு ஒவ்வொரு பிள்ளையும் மூன்று பெயர் எழுதித் தரட்டும். அதில் ஒருவராவது கூட இருக்கும்படி பிரியுங்கள். யாருமே பெயர் எழுதாத பிள்ளை ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளைக்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும்.

நாற்பது பேர் என்றால் எட்டெட்டாக ஐந்து குழு, குழுவுக்கு ஓர் ஆசிரியர், அவர்களுக்கு மேல் இருவர். யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஒருவர் அறையில் தங்க வேண்டுமே! தலை எண்ணுவது பஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு. ஏறும்போது எண்ணினால் தப்பும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் 14 கொண்டை ஊசி வளைவு. பூரி, பொங்கல் தின்றுவிட்டு ஏறினால் பாதிப் பஸ் வாந்தி எடுக்கும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். குமட்டும் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்காரவைத்து எதிரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடி போட்ட சிறு வாளி நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பிள்ளையின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். குளிர்க்காற்று பட்டதும் தேவைப்படும்.

முதல் நாள் சாயங்காலம் ஒரே ஓர் இடம் போதும். இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். காட்டெருமை தெருவுக்கே வரும் ஊர் அது. வீட்டுக்குப் போன் பேசுவது ஆறு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால். படுக்கும் நேரத்தில் அம்மா குரலைக் கேட்ட பிள்ளை அழும், அதைப் பார்த்து அடுத்த கட்டிலும் அழும். ஏழரைக்குச் சூடாக ரசம் சாதம், ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. பெண் பிள்ளைகள் பக்கம் ஓர் ஆசிரியை, ஆண் பிள்ளைகள் பக்கம் ஓர் ஆசிரியர், பதினொன்று வரை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரட்டும். கதவுக்கு வெளியே ஆள் இருப்பது தெரிந்தாலே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அழும் பிள்ளையிடம் “நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுறேன்” என்று சொல்லிவிடாதீர்கள். வெந்நீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, மறுநாள் காலையில் என்ன என்று சொல்லுங்கள்.

வர முடியாத பிள்ளைகளை மறக்கக் கூடாது. போகுமுன் அவர்கள் ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கொடுக்கட்டும். போனவர்கள் பதில் கொண்டுவர வேண்டும். மலை ரயில் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரமும் இறங்க மூன்றரை மணி நேரமும் ஏன் எடுக்கிறது? ஊட்டியில் சோறு வேக ஏன் நேரமாகிறது? சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். தங்குமிடச் சமையலறையில் ஆசிரியர் தெர்மாமீட்டரை வைத்துக் காட்டலாம், பள்ளிக்கு வந்து மறுபடி அளக்கலாம். ‘நான் சென்ற சுற்றுலா’ கட்டுரையை விட இது மனத்தில் நிற்கும்.

திரும்பியதும் பிள்ளையைப் பெற்றோர் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள், மீதி மாத்திரையையும் சேர்த்து. மறுநாள் விடுமுறை விடுங்கள். “என்ன பார்த்தே?” என்று கேட்டால் “பூங்கா” என்பதோடு முடிந்துவிடும். “பக்கத்துல யார் படுத்திருந்தா? ராத்திரி என்ன பேசினீங்க?” என்று கேட்கச் சொல்லுங்கள். பயணத்துக்குப் பிறகு யாராவது பேச்சைக் குறைத்தாலோ, ஒரு நண்பனையோ பெரியவரையோ கண்டு ஒதுங்கினாலோ வகுப்பாசிரியர் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். சிறுவர் உதவி எண் 1098 வகுப்புச் சுவரில் இருக்கட்டும்.

வரவு செலவை ஒரு வாரத்துக்குள் பெற்றோருக்குக் காட்டி மீதியைத் திருப்பிக் கொடுங்கள். உறைத் தாள்களை வகுப்பாசிரியரே கிழித்துப்போட வேண்டும். எந்த அறையில் கீசர் வேலை செய்யவில்லை, எந்த வளைவில் வாந்தி தொடங்கியது, எத்தனை கம்பளி குறைந்தது என்பதை மூன்று நாளுக்குள் எழுதி, அடுத்த ஆண்டு போகிற ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள்.