நாய் வைத்தியச் செலவு எகிறாமல் பார்த்துக்கொள்ள: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு

பார்வோ (கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் வைரஸ் நோய்) வந்த நாய்க்குட்டிக்கு நாலைந்து நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவில் பல வருடத் தடுப்பூசியைப் போட்டுவிடலாம். ஆகவே ஊசியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முதல் ஊசி 6–8 வாரத்தில். பிறகு 3–4 வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் ஆகும்வரை. பலர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பார்வோ நுழைவது அங்கேதான். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். வெறிநோய் ஊசியை 3 மாதத்தில் போட்டு, ஓராண்டில் மறுபடி போடுங்கள். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இதற்கு இலவச முகாம் நடப்பதுண்டு.

மழைத்தண்ணீர் தேங்கும் நம் தெருக்களில் எலிக்காய்ச்சல் பெரிய ஆபத்து. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், மனிதருக்கும் தொற்றும். இதற்கான தடுப்பூசி முதல்முறை என்றால் 2–4 வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே பலன் கிடைக்க ஆகஸ்ட்டில் தொடங்குங்கள். பிறகு வருடாவருடம்.

அடுத்தது உண்ணி. நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பாதி வேலைதான். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிசல்களை சிமெண்ட் வைத்து அடையுங்கள், படுக்கைத் துணியை வெந்நீரில் அலசுங்கள், மாத்திரையையோ சொட்டு மருந்தையோ நாள் தவறாமல் கொடுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. நாய் சாப்பாட்டை ஒதுக்கி, காய்ச்சலோடு ஈறு வெளுத்தால் முதலில் ரத்த அணு எண்ணிக்கை பாருங்கள். பிளேட்லெட் குறைந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிக்கலாம். அதில் ஒரு வகையான எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் வழக்கமாக 28 நாள். நாலாம் நாளே நாய் ஓடியாடும். அப்போது நிறுத்தினால் நோய் திரும்பும், செலவும் இரட்டிப்பாகும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும்.

டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட், ஊசி அட்டை, இருமல் அல்லது நொண்டலின் வீடியோ கையில் இருக்கட்டும். ஒரே டெஸ்டை இரண்டுமுறை எடுப்பது இதனாலேயே குறையும். கூச்சப்படாமல் கேளுங்கள்: "இன்னைக்கே எடுக்க வேண்டிய டெஸ்ட் எது, ரெண்டு நாள் பொறுக்கலாமா? அட்மிட் பண்ணா மொத்தம் எவ்வளவு ஆகும் சார்?" மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பெரிய தொகை சொன்னால், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் விசாரியுங்கள். மாணவர்கள் பயிலும் இடம். நேரம் பிடிக்கும், காலையிலேயே போய்விடுங்கள். பெண் நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் கர்ப்பப்பையில் சீழ் கோத்து அவசர ஆபரேஷன் வரை போகாது.

வீட்டு மாத்திரை மட்டும் வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றில் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்கு வயிறு உப்பி வெறும் ஓங்கரிப்பாக வந்தாலோ, ஆண் பூனை முக்கியும் மூத்திரம் வராவிட்டாலோ, விலை விசாரிக்காமல் பக்கத்தில் திறந்திருக்கும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.