மாத்திரை டப்பாவிலிருந்து தேடத் தொடங்குங்கள்: திடீரென நிதானம் தப்பி வழி தவறியவரைக் கண்டுபிடிக்க

வயதான ஒருவர் காணாமல் போனால் வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு, யார் என்ன சொல்லி அவர் கோபித்துக்கொண்டு போனார் என்பதுதான். அந்தப் பஞ்சாயத்திலேயே முக்கால் மணி நேரம் கரைந்துவிடும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென வழி தவறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அவர் உடம்பை. சர்க்கரை இறங்கியிருக்கலாம், உப்புச் சத்து குறைந்திருக்கலாம், வலிப்பு வந்து தெளியாமல் இருக்கலாம், பக்கவாதத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். எது என்பதைப் பொறுத்து எவ்வளவு தூரம் போயிருப்பார், எந்த மாதிரி இடத்தில் இருப்பார், உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதெல்லாம் மாறும். அதற்கான துப்பு பெரும்பாலும் வீட்டிலேயே, மாத்திரை டப்பாவில் கிடக்கிறது.

ஒருவர் வெளியே தேடக் கிளம்பட்டும். இன்னொருவர் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

டப்பா என்ன சொல்லும்

இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தாழ் சர்க்கரைதான் முதல் சந்தேகம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை அவ்வளவு இறங்குவது அரிது. அடுத்து அடுக்களைக்குப் போங்கள். காலைச் சாப்பாடு மூடிவைத்தபடியே இருக்கிறதா? மாத்திரை அட்டையில் இன்று ஒன்றுக்குப் பதில் இரண்டு காலியா? சர்க்கரை பார்க்கும் கருவி கடைசி அளவுகளைத் தேதி, நேரத்தோடு நினைவில் வைத்திருக்கும். பொத்தானை அழுத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே போனாலே தாழ் சர்க்கரை. 54-க்குக் கீழே மூளைக்குப் போதிய எரிபொருள் கிடைக்காது. பேச்சு குழறும், வீட்டு வாசலையே அடையாளம் தெரியாது. இப்படிப்பட்டவர் ரொம்ப தூரம் நடக்க மாட்டார். எங்காவது உட்கார்ந்திருப்பார் அல்லது விழுந்திருப்பார். வண்டி எடுத்துப் போயிருந்தால் கணக்கே வேறு.

பிபிக்குக் கொடுத்த ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டாபமைடு போன்ற நீர் பிரிக்கும் மாத்திரைகள் ரத்தத்தில் உள்ள உப்புச் சத்தை, அதாவது சோடியத்தைக் குறைக்கும். நான்கு நாளாகப் பேதியோ வாந்தியோ, கூடவே உப்பில்லாப் பத்தியம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு மூன்று நாளாகச் சோர்வு, நடையில் தள்ளாட்டம், சொன்னதையே சொல்வது இருந்ததா என்று வீட்டில் கேளுங்கள்.

வலிப்பு மாத்திரை இரண்டு நாளாக எடுக்கவில்லையா? வலிப்பு நின்ற பிறகும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை குழப்பம் நீடிக்கும். கண் திறந்திருக்கும், கால் நடக்கும், கேட்டதற்குப் பதில் வராது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் இரண்டு மூன்று வாரம் முன்பு பாத்ரூமில் சறுக்கித் தலையில் லேசாக அடிபட்டிருந்தால், மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் இப்போது வேலையைக் காட்டலாம். சளிக்கு வாங்கிய குளோர்பெனிரமைன், தூக்க மாத்திரை, நேற்றிரவுக் காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், இவை ஒவ்வொன்றும் வயதானவர் மனதைக் கலக்கப் போதும்.

தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தி இரண்டு முதல் நான்கு நாள் ஆகியிருந்தால் தேடும் முறையே மாறும். கை நடுங்கும், இல்லாதது கண்ணில் தெரியும், யாரோ துரத்துவதாக நினைத்து ஒளிவார். கூட்டமாகப் போய்ப் பெயர் சொல்லிக் கத்தினால் இன்னும் ஓடுவார்.

டப்பாவில் எதுவுமே இல்லை, நோயும் இல்லை என்றாலும் பக்கவாதத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் அரை மணி

வீட்டையே முதலில் முழுதாகத் தேடுங்கள். உள்தாழ்ப்பாள் போட்ட கழிவறை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், மாடிப்படிக்கு அடியில், நிறுத்தியிருக்கும் கார், மோட்டார் ரூம், கிணறு, சம்ப், பக்கத்தில் பாதி கட்டி நிற்கும் வீடு. ஊரெல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியில் பக்கத்து மனையில் கண்டுபிடிப்பது வழக்கமாக நடக்கிற விஷயம். வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். அவரே திரும்பி வந்து பூட்டைப் பார்த்துவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கினால் தேடல் முதலிலிருந்து ஆரம்பம்.

அவர் போனுக்கு மூன்று முறை அடியுங்கள். எடுக்கவில்லையா, நிறுத்திவிடுங்கள். சொந்தக்காரர் இருபது பேர் மாறி மாறி அடித்தால் பேட்டரி தீர்ந்து டவர் தகவலும் போய்விடும். ஒரே ஒருவர் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அடித்தால் போதும். ஸ்மார்ட்போன் என்றால் அவருடைய கூகுள் கணக்கில் நுழைந்து ஃபைண்ட் ஹப் வழியாக இடத்தைப் பாருங்கள். ஐபோனுக்கு ஃபைண்ட் மை. கார் எடுத்துப் போயிருந்தால் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி யார் எண்ணுக்கு வருகிறது என்று யோசியுங்கள். பல வீடுகளில் அது மகன் போனுக்கு வரும். டோல்கேட் பெயரும் நேரமும் அதிலேயே இருக்கும்.

காவல் நிலையத்தில் என்ன சொல்வது

24 மணி நேரம் கழித்து வாருங்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 112-க்கு உடனே சொல்லிவிட்டு, அருகிலுள்ள நிலையத்துக்கு நேரில் போங்கள். எங்கள் எல்லை இல்லை என்ற பேச்சும் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் பற்றிய தகவலையே எல்லை பார்க்காமல் வாங்க வேண்டும்; உயிருக்கு ஆபத்துள்ளவரைத் தேடச் சொல்லும் மனுவைத் திருப்பி அனுப்ப எல்லை ஒரு காரணமாகாது. மனு கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலையும்.

மனுவில் பெரும்பாலோர் செய்யும் தவறு, குடும்ப வரலாற்றில் தொடங்குவது. உடல்நிலை முதல் வரியில் வரட்டும். இப்படி எழுதலாம்: “என் தந்தை, வயது 68, இன்சுலின் போடுபவர். இன்று காலை 6.10 மணிக்குச் சாப்பிடாமல் வெளியே சென்றார். சர்க்கரை இறங்கி நினைவு தடுமாறியிருக்கலாம். உடனடி மருத்துவ உதவி கிடைக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து.” இந்த வரி இருந்தால் அதைப் படிப்பவர் குடும்பச் சண்டை என்று ஓரம்கட்டுவது கடினம். வயர்லெஸ்ஸில் போகும் தகவலும் மாறும். பிறகு அடையாளம்: முழு உயரப் புகைப்படம், முகப் புகைப்படம், இன்று உடுத்திய வேட்டியோ லுங்கியோ அதன் நிறம், செருப்பு, மச்சம், தழும்பு, நடையில் உள்ள சாய்வு, காது கேட்குமா, எந்த மொழி பேசுவார். பத்து வருடம் முந்தைய கல்யாணப் புகைப்படத்தைக் கொடுக்காதீர்கள். இப்போதுள்ள நரையும் மெலிவும் அதில் தெரியாது.

வெளியே தேடும்போது

நினைவு தப்பியவர் கூப்பிட்டால் பதில் தருவார் என்று நம்பி ஒலிபெருக்கியோடு போவது பெரும்பாலும் வீண். தன் பெயரே காதில் ஏறாது, அல்லது பயந்து ஒடுங்குவார். கண்ணால்தான் தேட வேண்டும், குனிந்தும் பார்க்க வேண்டும். மறதி நோய் உள்ளவர்கள் போகும் திசையிலேயே நேராகப் போய், ஏதாவது தடுக்கும் இடத்தில் நின்றுவிடுவது வழக்கம்: முள்வேலி, கருவேலங்காடு, ஏரிக்கரை, சுற்றுச்சுவர். கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரைச் சல்லடை போட்டுவிட்டுத்தான் தூரத்துக்குப் போக வேண்டும். நீர்நிலை பக்கத்தில் இருந்தால் அதுவே முதல். பழைய வீடு, ஓய்வு பெறும் முன் வேலை பார்த்த இடம், குலதெய்வக் கோயில் பக்கமும் ஓர் ஆளை அனுப்புங்கள்.

நிழல் உள்ள இடங்களில் கண் வையுங்கள்: கோயில் மண்டபம், பேருந்து நிறுத்த நிழற்குடை, டீக்கடைத் திண்ணை, ஏ.டி.எம். அறை, மூடிய கடை வாசல். ஒரு முறை பார்த்த இடத்தை மறுபடி பாருங்கள். அவரும் நகர்ந்துகொண்டே இருப்பார்.

காணாமல் போனவர் பெண் என்றால் கையில் காசில்லை, தூரம் போயிருக்க மாட்டார் என்று கணக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறினால் கடைசி நிறுத்தம் வரை போகலாம், அங்கிருந்து இன்னொன்று ஏறலாம். வீட்டருகே நிற்கும் பேருந்துகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் போய்ச் சேரும் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பரிடம் படத்தைக் காட்டுங்கள். நடத்துநர்கள் ஷிப்டு மாறும் முன்பே போவது முக்கியம். ரயில் நிலையம் அருகில் என்றால் ரயில்வே பாதுகாப்புப் படையிடமும் 139-லும் சொல்லுங்கள்.

சி.சி.டி.வி. பார்க்கும்போது ஒரு விஷயம். கடைப் பெட்டிகளில் கடிகாரம் தவறாக ஓடுவது சகஜம். திரையில் உள்ள நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் பிசகினால் அடுத்த கடையில் தவறான காட்சியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு அழிந்துவிடும் என்பதால் நாளைக்கு என்று விடாமல் செல்போனிலாவது திரையைப் படமெடுத்து வையுங்கள். உருவம் கிடைத்ததைவிடத் திரும்பிய திசை கிடைத்ததுதான் பெரிய லாபம்.

மருத்துவமனைக்குப் போன் செய்து பெயர் சொல்லிக் கேட்டால் “அப்படி யாரும் இல்லை” என்றே பதில் வரும். 108-இல் வந்து சேர்ந்தவர் தன் பெயர் சொல்ல முடியாமல் ‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 65’ என்று பதிவாகியிருப்பார். தவறான பெயரைச் சொல்லியிருக்கவும் வாய்ப்புண்டு. ஜி.எச். அவசரப் பிரிவுக்கும் அங்குள்ள புறக்காவல் நிலையத்துக்கும் நேரில் படத்தோடு போங்கள். ஷிப்டு மாறியதும் திரும்பப் போங்கள்.

வாட்ஸ்அப் செய்தியில் தேதி கட்டாயம் வேண்டும். தேதி இல்லாத செய்தி, ஆள் கிடைத்து ஆறு மாதம் ஆன பிறகும் சுற்றும். வீட்டு முகவரி வேண்டாம், ஒரே ஒரு எண் போதும், காவல் நிலையத்தின் பெயரையும் சேருங்கள். அவரைப் பிடித்து வைத்திருக்கிறோம், ஜிபேயில் பணம் அனுப்புங்கள் என்று அழைப்பு வரும். இப்போது எடுத்த வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், எண்ணைப் போலீசிடம் கொடுங்கள், பணம் அனுப்பாதீர்கள்.

தெருவில் இப்படி ஒருவரைப் பார்த்தால்

வியர்த்து, தள்ளாடி, குழறிப் பேசுபவரைக் குடிகாரர் என்று ஒதுக்குவதால்தான் பாதி உயிர்ப் பிரச்சினை வருகிறது. சில்லென்ற வியர்வை தாழ் சர்க்கரையின் முக்கியமான அடையாளம். இதய மாத்திரை சாப்பிடுபவருக்குப் படபடப்பு மறைந்துபோனாலும் வியர்வை வரும். முன்பக்கமாக வந்து, உட்காரவைத்து, சட்டைப் பையைப் பாருங்கள். விழுங்க முடிகிறது, சொன்னது ஓரளவு புரிகிறது என்றால் 3 முதல் 4 டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து மெல்லக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். வாய் கோணல், ஒரு கை தொங்கல் இருந்தாலும் உடனே 108. அவருக்குச் சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் தர வேண்டாம்.

கிடைத்த பிறகு

பத்துப் பேர் சூழ்ந்து நின்று “எங்கே போனீங்க, ஏன் போனீங்க” என்று கேட்கும் காட்சி வேண்டாம். அவருக்குப் பழக்கமான ஒருவர் மட்டும் பக்கத்தில் போய்த் தன் பெயரைச் சொல்லி, “வாங்கப்பா, காபி சாப்பிடலாம்” என்று பேசினால் பெரும்பாலும் எழுந்து வருவார். அவர் சொல்வது தப்பாக இருந்தாலும் வாதாடாதீர்கள்.

தெளிந்துவிட்டார் என்று நேரே வீட்டுக்குக் கூட்டிப்போவதுதான் அதிகம் நடக்கும், ஆபத்தான தவறு. கிளிமெபிரைடு வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு ஒரு நாளுக்கு மேலும் அந்த அபாயம் உண்டு. அதனால் மருத்துவமனையில் கண்காணிப்பு வேண்டும். சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், சிறுநீர், உடல் சூடு, ஆக்சிஜன், ஈ.சி.ஜி. பார்ப்பார்கள்; தலையில் அடி, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, கை கால் பலவீனம் இருந்தால் சி.டி. ஸ்கேன். மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துப்போங்கள், சீட்டை மட்டும் நம்பாதீர்கள். சீட்டில் இருப்பதும் அவர் சாப்பிடுவதும் பல வீடுகளில் வேறு வேறு. பாதங்களையும் பாருங்கள், செருப்பில்லாமல் வெயிலில் நடந்த சர்க்கரை நோயாளிக்குக் கொப்புளம் வலிக்காமலே இருக்கலாம்.

சிலர் சில மணி நேரம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, தன் பெயரும் குடும்பமும் மட்டும் மறக்காமல், ஒரு நாளுக்குள் முழுதாகத் தெளிந்துவிடுவார்கள். தற்காலிக முழு மறதி என்ற இந்த நிலை பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வரும், பொதுவாகத் தீங்கில்லாதது. ஆனால் பக்கவாதமும் வலிப்பும் இல்லை என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் அப்படி முடிவு செய்யலாம்.

ஆள் கிடைத்ததைக் காவல் நிலையத்துக்கு அன்றே சொல்லுங்கள், வழக்கை முடிக்க அவரை நேரில் பார்த்து வாக்குமூலம் வாங்குவார்கள். இன்னும் குழப்பம் தெளியவில்லை என்றால், வாக்குமூலம் தரும் நிலையில் இல்லை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுக்கலாம்.

அடுத்த முறைக்கு இரண்டு அட்டைகள் போதும். பிளாஸ்டிக் உறை போட்டு ஒன்று சட்டைப் பையில், இன்னொன்று போன் கவருக்குள். பெயர், இரண்டு தொலைபேசி எண்கள், ‘சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுபவர்’ என்ற வரி, ஒவ்வாமை இருந்தால் அது. தினமும் சட்டை மாற்றுபவர் அட்டையை மறப்பார், எனவே எண்ணை அழியாத மையில் வேட்டி ஓரத்திலும் உள்பனியன் கழுத்துப் பட்டியிலும் எழுதிவிடுங்கள். நான்கைந்து சலவைக்கு ஒருமுறை மை மங்கியிருக்கிறதா பாருங்கள்.