ஒரு சேவல், இரண்டு பேடு: பேன்டம் கோழி வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் வளவு முழுக்க மணல். அதில்தான் பேன்டம் கோழி வளர்க்கிறேன். புதிதாகத் தொடங்க ஆசைப்படுபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் வருடம் ஒரு சேவலும் இரண்டு பேடும் போதும். அந்த மூன்றையும் வைத்து ஒரேயொரு அடையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பக்கத்தில் இருந்து பாருங்கள். பத்துக் கோழியை ஒன்றாக வாங்கி வருபவர்கள் எதையும் கவனிக்க முடியாமல் திணறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பேன்டம் என்பது ஒரு தனி இனத்தின் பெயர் இல்லை. மேற்கு ஜாவாவில் இருந்த பான்டம் துறைமுகத்தில் ஐரோப்பிய மாலுமிகள் சின்னக் கோழிகளை வாங்கினார்கள். அந்த ஊர்ப் பெயர் கோழிக்கு ஒட்டிக்கொண்டது. இன்று குட்டைக் கோழி இனங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயர்.

1. எதை வாங்குவது?

நம் காலநிலையை நினைத்துக்கொண்டு தெரிவு செய்யுங்கள். செராமா மலேசியாவின் கிளந்தானில் உருவான இனம், உலகிலேயே மிகச் சிறிய கோழி. பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். வெப்பம் அதற்குப் பழகியது. ஜப்பானின் குட்டைக்கால் இனமான சாபோவும் இங்கே நன்றாக வாழும். சில்க்கி மிக நல்ல அடைக்கோழி, ஆனால் அதன் பஞ்சு இறகில் தண்ணீர் வழிந்தோடாது, ஊறிவிடும். பீக்கினுக்குக் காலெல்லாம் இறகு. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் மாரியில் சேறாகும் வளவு என்றால் இந்த இரண்டையும் முதலில் வாங்க வேண்டாம். செப்ரைட் அழகுதான், ஆனால் அதில் குஞ்சு எடுப்பது பழகியவர்களுக்கே சிரமம்.

வாங்கும்போது கோழியைக் கையில் தூக்கிப் பாருங்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும், மூக்கில் நீர் கூடாது, பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. "நெஞ்செலும்பு கத்தி மாதிரிக் குத்தினா வாங்காத மனே" என்பார் அம்மம்மா. இன்றும் அப்படித்தான் தடவிப் பார்க்கிறேன்.

2. கூடு

மூன்று கோழி இரவில் தங்க நாலடிக்கு மூன்றடி போதும். நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். கம்பி வலை அரை அங்குலக் கண்ணுள்ளதாக இருக்கட்டும். என் முதல் கூட்டுக்குப் பெரிய கண் வலை அடித்திருந்தேன். ஓர் இரவு மரநாய் கையை உள்ளே விட்டு ஒரு பேட்டின் கழுத்தைப் பிடித்துவிட்டது. காலையில் நான் கண்ட காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வலைக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைமழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். அந்தப் பக்கத்தைக் கிடுகால் அல்லது தகரத்தால் மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்கம் நிழல் வேண்டும். பழைய தயிர்ச்சட்டியில் மணலும் சாம்பலும் கலந்து வைத்தால் கோழி அதில் புரண்டு செள்ளையும் பேனையும் உதறிக்கொள்ளும்.

3. தீனி

ஒரு கோழிக்கு நாளுக்கு 50 கிராம் அளவு. குருணலை மட்டும் போட்டால் முட்டை குறைந்துவிடும், முட்டைக்கோழித் தீனி முக்கால் பங்காவது இருக்கட்டும். கடற்கரைச் சிப்பியைக் கழுவிக் காயவைத்து இடித்து ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். முருங்கையிலை போடலாம். உப்புக் கருவாட்டுக் கழிவு வேண்டாம், உப்பு கூடினால் கோழிக்கு நஞ்சு.

4. அடை வைத்தல்

இன்குபேட்டர் வாங்க அவசரப்பட வேண்டாம். மின்சாரம் போய்ப் போய் வரும் வீட்டில் ஒரு நல்ல அடைக்கோழிக்கு ஈடாக எதுவும் இல்லை.

அடைக்கு வைக்கும் முட்டைகளை ஏழு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். கூர்முனை கீழே இருக்கட்டும், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். சூடு கூடினால் கோழி படுக்கும் முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பிறகு செத்துவிடும். அதனால்தான் மழை விட்டு வெயில் ஏறாத மாசி, பங்குனி மாதங்களை நான் விரும்புகிறேன்.

பேடு கூட்டை விட்டு இறங்காமல், கிட்டப் போனால் இறகை விரித்து உறுமினால் அடைக்கு வந்துவிட்டது. கடகத்தில் மணல் பரப்பி, மேலே காய்ந்த வைக்கோலும் கொஞ்சம் வேப்பிலையும் போடுங்கள். ஐந்து முதல் ஏழு முட்டை. இரவில் வையுங்கள், இருட்டில் கோழி அமைதியாக ஏற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டில் இடிக்குப் பயந்து பக்கத்தில் ஓர் இரும்புத்துண்டும் கரித்துண்டும் வைப்பார்கள். உண்மையில் இடியால் முட்டை கெடுவதில்லை. கோழி வெருண்டு எழும்பிப் போய் முட்டை குளிர்ந்தால்தான் கெடும். ஆகவே இடம் அமைதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழாம் நாள் இரவு டோர்ச் லைட்டை முட்டையின் அகன்ற முனையில் பிடியுங்கள். சிலந்திக்கால் போல நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் கூழ்முட்டை. இரத்த வளையம் மட்டும் இருந்தால் கரு செத்துவிட்டது.

சாபோ வளர்ப்பவர்கள் சில கரு செத்திருப்பதைக் கண்டு இந்த இடத்தில்தான் கலங்கிப்போவார்கள். நானும் கலங்கினேன், கூட்டையும் கோழியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். காரணம் பரம்பரையில் இருக்கிறது. குட்டைக்காலைத் தரும் மரபணு ஒன்று வந்தால் கால் குட்டையாகும், தாயிடமும் தகப்பனிடமும் இருந்து இரண்டாக வந்தால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பேட்டையும் சேர்த்தால், சராசரியாக நாலு கருவில் ஒன்று சாகும், இரண்டு குட்டைக்கால், ஒன்று நெட்டைக்கால். அதனால் பிறந்த நெட்டைக்கால் குஞ்சைக் கழித்துவிடாதீர்கள். அதைக் குட்டைக்காலோடு சோடி சேர்த்தால் பாதிக்குப் பாதி குட்டைக்கால் கிடைக்கும், இந்தக் காரணத்தால் ஒரு கருகூடச் சாகாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் குட்டையும் குட்டையும் சேர்ப்பதை விட்டுவிட்டேன்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள். சாதாரணக் கோழிக்கு 21 நாள் என்றாலும், பேன்டம் பெரும்பாலும் 19, 20 நாளிலேயே பொரித்துவிடும்.

5. குஞ்சு

பொரித்த முதல் நாள் தீனி தேவையில்லை, வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு போதும். அப்புறம் குஞ்சுத் தீனி கொடுங்கள். முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தண்ணீரைப் போத்தல் மூடியில் வைத்து உள்ளே கூழாங்கல் போடுங்கள். இந்தக் குஞ்சுகள் விரல் நுனியளவு, ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட மூழ்கடித்துவிடும். மூன்று கிழமை வரை தாயோடு கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும், காகம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

படுக்கை ஈரமானால் உடனே மாற்றுங்கள். மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சு இரத்தமாகக் கழிந்தால் அது கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி நோய், அன்றைக்கே மருந்து வேண்டும்.

6. தடுப்பூசி

இராணிக்கெட் என்ற வைரஸ் நோய் வந்தால் கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்து, கூடே காலியாகிவிடும். வந்த பிறகு மருந்து இல்லை. மழைக்குப் பின் நுளம்பு பெருகும்போது அம்மையும் பரவும். உங்கள் பிரிவுக் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் எந்த வயதில் எந்த ஊசி என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒரு குப்பித் தடுப்பு மருந்து நிறையக் கோழிக்குக் காணும், திறந்தால் வைத்திருக்க முடியாது. அக்கம்பக்கத்துக் கோழிகளையும் சேர்த்து ஒரே நாளில் போடுங்கள். ஐஸ் போட்ட பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும்.

மூன்று மாதத்தில் சேவல் குஞ்சுகள் கொத்துப்படத் தொடங்கும், அப்போது பிரித்துவிடுங்கள். அடுத்த அடைக்கு அவற்றில் ஒன்றைத் தாயோடு விடாமல், வேறு வளவு ஒன்றிலிருந்து சேவல் மாற்றி எடுங்கள்.